தொட்டால் பாய்ந்து வரும் பக்கம்

மே 9, வியாழன்

மாலை ஆறு மணிக்குப் பதிவு திறந்தது. ஆறு இருபதுக்குள் நாற்பத்தாறு வீடுகளும் தண்ணீர் முறை எடுத்துவிட்டன. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் கொச்கோர்பாயின் கிழிந்த நோட்டுக்குப் பதிலாக நான் செய்த இணையப் பக்கத்துக்கு இது மூன்றாவது சுற்று. பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று.

இரண்டு பேர் மட்டும் கூப்பிட்டு, "பக்கம் குதிக்குது" என்றார்கள். என் போனில் எதுவும் குதிக்கவில்லை. கரும்பலகை ஆடுகிறது என்று சொன்ன பிள்ளைகளை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவள் நான். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

மே 13, திங்கள்

அனார்கானின் முறை போய்விட்டது.

ஏப்ரலில்தான் அறுபது ஆப்ரிகாட் கன்று நட்டாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில். போன சுற்றுக் கணக்கில் பதினாறாம் தேதி முறை என்று நினைத்திருந்தாள். பதிவில் இருப்பதோ பன்னிரண்டு, அதிகாலை நான்கு. அவள் மதகு மூடிக் கிடந்தது, தண்ணீர் கீழே போய்விட்டது.

வாய்க்கால் ஓரம் எல்லோரும் நிற்கும்போது கேட்டாள். "அக்கா, நாள் பெட்டியே கண்ணுல படலக்கா. பேர் எழுதினேன், நெல நம்பர் எழுதினேன், பச்சைய அழுத்தினேன். அவ்வளவுதான்."

"பாத்து அழுத்தணும் அனார்கான். சும்மா போன் மேல பழி போடாத" என்றேன்.

கிழவர் டொக்டோமாமத் உடனே, "போச்சு! டீச்சரம்மா பெயில் போட்டுட்டாங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த பதிவு இருபத்தொன்றாம் தேதி. அதுவரை வேர் தாங்குமா?

மே 15

பக்கத்தை என் போனில் பதினேழு முறை நிரப்பிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் போனைக் கீழே வைக்க மனமில்லை?

மே 16, வியாழன்

மனது கேட்காமல் அவள் தோட்டத்துக்கே போனேன். வாளியில் தண்ணீர் சுமந்து கன்றுக்கு ஒரு குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபதாவது கன்றில் வாளி காலி. மறுபடி கால் கிலோமீட்டர் நடை.

"அந்தப் போனைக் கொஞ்சம் குடு."

கணவன் அனுப்பிய பழைய ஐபோன். இங்கே பாதி வீடுகளில் அதுதான். ரஷ்யாவில் இருக்கும் மகன்கள் புதியது வாங்கினால் பழையது ஊருக்கு வரும். என்னுடையதோ பாத்கென் நகரச் சந்தையில் வாங்கிய வேறு போன்.

பெயர்ப் பெட்டியைத் தொட்டேன். பக்கம் முழுவதும் என் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது! பெயர்ப் பெட்டி மட்டும் திரை நிறைய. வலது பக்கம் இருந்த நாள் பெட்டி திரைக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பெட்டியில், காலியாக இருக்கும் முதல் நேரம் தானாகவே நிற்கும்படி நான்தான் செய்திருந்தேன். எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டுமே என்று.

"இப்பப் பாத்தீங்களாக்கா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிறகு தேநீர் ஊற்றினாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள். நான் அதைத் தொடவில்லை.

வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. முறையைத் தவறவிட்டவர் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் தவறு பங்கிட்டவருடையது என்றால், அவர் அதை வாய்க்காலோரம் எல்லோர் முன்னாலும் சொல்லித் தன் முறையைக் கொடுத்துவிட வேண்டும். கொச்கோர்பாயே இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். என் முறை இருபதாம் தேதி. என் உருளைக்கிழங்கு இப்போதுதான் பூ விட்டிருக்கிறது.

அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மே 17

முதலில் பக்கத்தைச் சரிசெய்வோம், மற்றது பிறகு. யாரும் பெரிதாக்க முடியாதபடி, பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி மாற்றினேன். அனார்கான் போனில் பாய்ச்சல் நின்றது. அப்பாடா.

மே 18, சனி

அப்பாடாவுக்கு ஆயுள் ஒரு நாள்.

டொக்டோமாமத் கூப்பிட்டார். "ஏம்மா டீச்சரம்மா, என் கண்ணாடிய ஏன் புடுங்குனீங்க?"

"நான் எதுக்கு உங்க கண்ணாடிய எடுக்கறேன்?"

"ரெண்டு வெரலால விரிச்சா எழுத்து பெருசாகும், படிப்பேன். இப்ப விரிக்கிறேன், விரிக்கிறேன், கல்லு மாதிரி நிக்குது. யாருக்கு எந்த நாள்னே தெரியல."

அவர் போனும் என் போன் வகைதான். என் போனில் விரித்துப் பார்த்தேன். உண்மைதான். ஐபோனில் விரல் விரிப்பது இன்னும் வேலை செய்கிறது, எங்கள் வகையில் செத்துவிட்டது. பதினேழு முறை சோதித்தவள் ஒரு முறைகூட அதைச் செய்து பார்க்கவில்லையே.

மே 19, ஞாயிறு

வகுப்பறையை நினைத்தேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து கரும்பலகைக்கு அருகே வருகிறது. ஏன் வருகிறது? குறும்பா? இல்லை, நான் எழுதியது பொடி எழுத்து. அந்தப் போனும் அதையேதான் செய்தது. எழுத்து சிறிதாக இருக்கிறதே, படிப்பவருக்குத் தெரியாதே என்று கிட்டே போய்க் காட்டியது. நானோ பிள்ளையை பெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். கூடவே மற்ற பிள்ளைகளையும்.

அந்த ஒரு வரியை எடுத்துக் கட்டை அவிழ்த்தேன். பெட்டிக்குள் எழுத்தின் அளவு பதிமூன்று. பதினாறாக்கினேன். பதினாறுக்குக் கீழே போனால்தான் ஐபோன் பாய்கிறது.

அனார்கானிடமிருந்து போன்: "பேரு நிக்குதுக்கா. நாளு இன்னும் குதிக்குது."

நாள் பெட்டியை மறந்திருக்கிறேன்! அதையும் பதினாறாக்கி, பெயருக்குக் கீழே இறக்கி, காலியாக விட்டேன். இனித் தேர்ந்தெடுக்காமல் பதிவாகாது.

"இப்ப எல்லாம் நிக்குதுக்கா" என்றாள். கூடவே, "மேல் வரிசையில இலை சுருண்டுடுச்சு" என்றாள். அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

பக்கத்தைச் சரிசெய்துவிட்டாயே, அது போதாதா? — போதாது. உனக்கே தெரியும். எதற்கு இந்தப் பயம்? சிரிப்பார்கள் என்றா? அவளைப் பார்த்துச் சிரித்தார்களே, அதை ஆரம்பித்து வைத்தது யார்? நீதானே!

மே 20, திங்கள்

சொல்லிவிட்டேன். மதகுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"பன்னெண்டாம் தேதி நடந்தது என் தப்பு. அனார்கான் சரியாத்தான் அழுத்தினா. நான்தான் நாள் பெட்டிய அவ கண்ணுக்குத் தெரியாத எடத்துல வெச்சுட்டேன். இன்னைக்கு என் தண்ணி அவளுக்கு."

கொச்கோர்பாய் மண்வெட்டியை எடுத்தார். "என் நோட்டு குதிக்காது டீச்சர்" என்றார். என் மதகை அடைத்து அவள் பக்கம் திறந்துவிட்டார். டொக்டோமாமத் ஏதோ சொல்ல வாயெடுத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அனார்கான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

மே 21

பதிவு. ஒரே ஒரு போன் அழைப்பு, அதுவும் தவறான எண். அனார்கானின் முறை இருபத்து நான்காம் தேதி, காலை ஆறு.

மே 27

என் உருளைக்கிழங்கில் பூ பாதி கொட்டிவிட்டது.

ஜூன் 2, ஞாயிறு

மாலை ஆறு மணிக்கு வாய்க்காலோரம் இருந்தேன். அனார்கானும் அங்கேதான். அறுபதில் ஒன்பது காய்ந்துவிட்டன, மற்றவை புது இலை விட்டிருக்கின்றன என்றாள். இடது கையில் மண்வெட்டி. வலது கைப் பெருவிரலால் பெயர், நிலம், நாள் மூன்றையும் தொட்டு நிரப்பினாள். எதிர்க்கரையில் இருந்தவளிடம் உரக்கப் பேசிக்கொண்டே பச்சையை அழுத்தி, போனை மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

பக்கம் அசையவே இல்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.