மேலே மிதந்தது

அக்டோபர் 3, வியாழன்

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண். செவ்வாயன்று நானே படகில் போய் அள்ளிய ஏரித் தண்ணீர். அயோடின் விட்டு இரண்டு நாள் தெளிய வைத்து, மேல் தண்ணீரை ட்யூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை எண்ணினேன். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். எந்த நுண்பாசி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும். நல்ல பாசிகள் நிறைய. விஷம் விடும் நீலப்பச்சைப் பாசி பெயருக்குத்தான். கரையோரம் பெயின்ட் கொட்டியதுபோல் பச்சையாக இருந்ததே என்று ஒரு சந்தேகம். ஆனால் எண்ணிக்கை இல்லை என்கிறது. எனக்கு எண்ணிக்கைதான் பெரிது.

கணபதி சிலைகளைக் கரைத்ததிலிருந்து மாநகராட்சிக்காரர்கள் ஏரியைக் கயிறு கட்டி மூடி வைத்திருக்கிறார்கள். திறக்க என் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். கரையில் தபேலா, அதாவது எருமைத் தொழுவம், வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா பாய் போன் செய்தார். மேலப்பாளையத்துக்காரர், சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம் டீ தருவார்.

"தங்கச்சி, மாட்ட தண்ணியில விடலாமா? வெக்கையில கெடந்து தவிக்குதுவ."

"விடுங்க பாய். தண்ணி நல்லாத்தான் இருக்கு."

ரிப்போர்ட்டை அப்படி வாய்வார்த்தையாகச் சொல்லக்கூடாது. சொன்னேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கயிற்றை அவிழ்த்துவிட்டார்களாம். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் நல்ல தூக்கம்.

அக்டோபர் 9, புதன்

நான்கு எருமைகள் செத்துவிட்டன. நேற்று சாயங்காலம் தண்ணீரிலிருந்து ஏறியவை நடுங்கி விழுந்தனவாம். காலையில் பாய் போனில் அழுதார்.

"ஜமால்தான் தங்கச்சி. உண்ணி மருந்து அடிக்கச் சொன்னேன். அளவு தெரியாம கலக்கிக் கொன்னுட்டான். மாட்டு டாக்டரும் வெசம்னுதான் சொல்லுதாரு."

ஜமால் அவரிடம் பால் கறப்பவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். என்னிடம் இதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

பாவம் என்றேன். யாரை நினைத்துச் சொன்னேன்?

அக்டோபர் 10, வியாழன்

காலையில் காட்கோபர் லேபுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். ஸிங்க் அடியில் ஒரு கேன். உறிஞ்சி எடுக்கும் மேல் தண்ணீர் அதில்தான் விழும். நிறைந்த பிறகுதான் கொட்டுவோம். அதன் மேல், ஆறிய டீயில் ஆடை படிவதுபோல் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்.

மைக்ரோசிஸ்டிஸ். கொத்துக் கொத்தாக. அந்த விஷப்பாசிக்குள் காற்றுப் பைகள் உண்டு – அது அடியில் தங்காது, மிதக்கும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மற்றதெல்லாம் அடியில் தங்குகிறதே என்று பழகிப்போய், மிதந்ததை என் கையாலேயே உறிஞ்சிக் கேனில் விட்டிருக்கிறேன். விட்டுவிட்டு, இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஐயோ ஆண்டவரே.

கேனில் வேறு தண்ணீரும் கலந்திருக்கும். அன்றைக்கு அள்ளிய ஏரித் தண்ணீரில் தனியாக எடுத்துவைத்த இன்னொரு பாட்டில் அலமாரியில் இருக்கிறது. அதில் பார்த்தால்தான் உறுதி.

அக்டோபர் 12, சனி. தசரா

லேப் லீவு. வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் போனேன். லேப் முதலாளி வெங்கடேஸ்வரன் சார் நேற்று ஆயுத பூஜை போட்டு, மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சரம் சுற்றியிருந்தார். பூஜையில் வைத்ததை அவர் எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இத்தனை வருஷத்தில் நான் மீறியதே இல்லை. இன்று சரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாம்பிளைச் சின்ன பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, ரப்பர் கார்க்கால் அடைத்து, கார்க்கின் மேல் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. அந்த அழுத்தத்தில் காற்றுப் பைகள் உடையும். பாசி அடியில் இறங்கும். இறங்கியது. எண்ணினேன். மில்லிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு லட்சம் தாண்டினாலே ஆபத்து. மூன்று முறை எண்ணியும் அதேதான். வொர்க்‌ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பாய்க்குப் போன் போட்டேன். "மிச்ச மாட்ட ஏரிப் பக்கம் விடாதீங்க."

"ஏன் தங்கச்சி?"

"சும்மாத்தான். கொஞ்ச நாளைக்கு."

ஜமால் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

சாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நீ பண்ணினது எல்லாரும் பண்ற மெத்தட்தானே, ரெபேக்கா? ரிப்போர்ட் போயாச்சு. இது வெளில வந்தா லேபையே மூடிடுவா. பன்னெண்டு பேர் தெருவுல நிப்பா, யோசிச்சுக்கோ." கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஸ்டெர்லினுக்கு வேலை போய் எட்டு மாசம். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவரிடம் சொன்னேன். "நீ ஒன் சோலியப் பாரு. அந்த ஜமாலுக்கு வேற தபேலா கெடைக்கும். ஒனக்கு வேற லேப் கெடைக்குமா?" என்றார். அதைக் கேட்கத்தானே அவரிடம் போனேன்?

அக்டோபர் 17

நாளைக்கு எழுதலாம்.

அக்டோபர் 18

வேலை அதிகம்.

அக்டோபர் 21, திங்கள்

"அந்தப் பாட்டில கொட்டிடு" என்றார் சார். கையில் எடுத்துக்கொண்டு ஸிங்க்வரை போனேன். முதல் தடவை தெரியாமல் கொட்டினேன் – இப்ப? ச்சீ, நான் என்ன பொம்பள? தெனமும் நூறு பேரு எறங்குத தண்ணி. வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.

பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் லீவு போட்டு மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். என் எண்ணிக்கை தவறு. ஏரியை உடனே மூடுங்கள். எருமைகள் செத்தது இந்தத் தண்ணீரால்தான் என்று நினைக்கிறேன். வொர்க்‌ஷீட் நகலோடு நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

அக்டோபர் 23, புதன்

ஏரியில் மறுபடி கயிறு கட்டியாயிற்று. நாளையிலிருந்து நான் லேபுக்கு வர வேண்டாமாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

திலக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, வொர்க்‌ஷீட் நகலோடு தபேலாவுக்குப் போனேன். ஜமாலைக் காணோம். பாய்தான் கறந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தை வாங்கினார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"இது என்ன தேதி?"

"நான் எண்ணிப் பாத்த நாள் பாய்."

"பன்னெண்டு."

"ஆமா."

வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பதினாறாந் தேதிதாம்மா நான் அவன அடிச்சேன். உண்மையச் சொல்லுலன்னு, கம்பியால. கடைசி வரைக்கும் நான் செய்யலன்னுதான் சொன்னான். வலது கையில மூணு வெரல் மடங்காது. இனி அவனால கறக்க முடியாது."

பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் நான்கு நாள். அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்டேன், பேசினேன், தூங்கினேன்.