மதினி கண்டெடுத்த குறுமீன்

மதினி,

இன்று காலை தேயிலைத் தூள் டப்பாவைத் திறந்ததும் கறுப்புக்குள் ஒரு சிவப்புக் குச்சி கண்ணில் பட்டது. நீங்கள் ஃபெக்டரியில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று தப்பி வந்திருக்குமா? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

இருபது வருடம் அக்கரப்பத்தனைத் தேயிலை ஃபெக்டரியில் தூளிலிருந்து குச்சி பொறுக்கிய கண் உங்களுடையது. நானோ கணக்கு டீச்சர். அந்த மழைக்கால ஞாயிறு மத்தியானம் ஃபோனில் வானத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தின் ஒரே இடத்தைச் சில வருட இடைவெளியில் எடுத்த வெப்பப் படங்கள். மாற்றி மாற்றி ஓடவிட்டால் தூரத்து விண்மீன்கள் அசையாது, நமக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் நகரும். அதைத் தேடிப்பிடித்து விஞ்ஞானிகளுக்கு அனுப்ப என்னைப் போன்ற ஆர்வக்காரர்கள் உலகம் முழுக்க உண்டு. லீக்ஸ் நறுக்கிக்கொண்டே நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏங்க டீச்சரம்மா, அந்தச் செவப்புப் புள்ளி நகருதே?"

"அது கேமராக் கோளாறு மதினி" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

"கோளாறாம்! திருப்பிப் போடுங்க. இன்னொருக்கா பாக்காம எதையும் தள்ளப்படாது."

உங்கள் வாயை அடைக்கத்தான் திருப்பினேன். நகர்ந்தது. ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றின் பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் என் பெயரிலேயே அனுப்பினேன். அதைச் சொன்னபோது, "ஒங்க பேரு வந்தா எம்பேரு வந்த மாதிரிதான்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் பதில் வந்தது. பெரிய தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் மீத்தேன் இருப்பது தெரிந்ததாம். விண்மீனின் சூட்டில் மீத்தேன் நிற்காது; ஆக, இது பழுப்புக் குறுமீன்தான். விண்மீனைப் போலப் பிறந்தும், தொடர்ந்து எரிய எடை போதாமல், அணைந்த அடுப்பு மாதிரி சூட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது. அதற்குள் நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டுரையில் என் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார்கள்.

முதலில் கண்டது நானில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். உங்கள் பெயரை என் பெயருக்கு முன்னால் போடச் சொன்னேன். சம்மதித்து, அவர் எங்கே வேலை செய்தார் என்று கேட்டார்கள். ஃபெக்டரியின் பெயரை எழுதி, குச்சி பொறுக்கும் பிரிவு என்றும் சேர்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நேற்றும் முப்பது படம் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. ஆனாலும் இன்னொருக்கா பார்க்காமல் எதையும் தள்ளவில்லை. அன்று தள்ளியது நான், திருப்பியது நீங்கள். இப்போது இரண்டு பேர் வேலையையும் நானே பார்க்கிறேன், மதினி.