மாங்காய்க்கு ஒரு வரி

மார்ச் 4
எங்கள் ஆங்கில-தமிழ் அகராதியின் புதிய பதிப்புக்கு மெய்ப்பு வந்தது. ‘மேங்கோ’வுக்கு நேரே, சொல் பிறப்பு: போர்த்துக்கீசியம். அவ்வளவுதான்! வீட்டிலிருக்கும் முதல் பதிப்பில் ‘தமிழ் மாங்காய்’ என்று பளிச்சென்று இருக்கிறது. கப்பலில் ஏற்றிப் போனவன் பெயர் நிற்கிறது, மரம் வைத்தவன் பெயர் போய்விட்டது. பழத்தைத் தின்றுகொண்டே அதைக் காய் என்று சொல்லும் கூத்து ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது என்று படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 5
கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கும் மெய்ப்புத் திருத்துபவரிடம் போய்க் கத்தினேன். “தமிழை யாரு வெட்டினது?”
“மூலத்துல இருக்கறபடிதான் மேடம் விட்டேன்.”
“மூலமாவது மண்ணாங்கட்டியாவது!”
அறையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

மார்ச் 6
தலைமைப் பதிப்பாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இவர், “ஒரு மாங்காய்க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார். ஆமாம், மாங்காய்க்குத்தான்!

மார்ச் 9
மெய்ப்புத் திருத்துபவரின் நாற்காலி காலி. பைண்டிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். நன்றாக வேண்டும்.

மார்ச் 11
ஒவ்வொரு சொல்லுக்கும் வைத்திருக்கும் சொல்லட்டையில் குறிக்காமல் இங்கே ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. இழுப்பறையைத் துழாவி ‘மேங்கோ’ அட்டையை எடுத்தேன். ‘தமிழ் மாங்காய்’ மீது சிவப்புக் கோடு. ஓரத்தில், ‘ஒரு வரிக்குள் அடங்கவில்லை.’ கீழே கையெழுத்து.

என் கையெழுத்து.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் பதிப்பின்போது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். சொல் பிறப்பு ஒரு வரியைத் தாண்டக் கூடாது என்றார்கள், ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளினேன். அடிப்பாவி! இப்போது யாரிடம் போய்க் கத்துவேன்?

மார்ச் 12
புகாரைத் திரும்பப் பெற்றேன், காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். பிறகு பைண்டிங்குக்குப் போனேன். அவர் விரலெல்லாம் பசை.
“அட்டையைப் பாத்தேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க.”
“நான் அன்னிக்கே பாத்துட்டேன் மேடம்.”
“அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”
“எங்க சொல்ல விட்டீங்க?”

மார்ச் 16
அவர் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். ‘தமிழ் மாங்காய்’ பக்கத்தில் ஏறிவிட்டது. ஆனால் ஒரு வரி கூடி, பக்கத்துக்குள் அடங்கவில்லை. மெய்ப்பைக் கொண்டுவந்து காட்டினார்.
“அடுத்தாப்ல மங்குஸ்தான் இருக்கு. அதுல மலாய் மொழின்னு வர்ற வரியை எடுத்துட்டா சரியாயிடும் மேடம்.”
“ஐயையோ, வேண்டாம். அந்த ஊர்லயும் என்னை மாதிரி ஒருத்தி கத்துவா.”
முதல் முறையாகச் சிரித்தார். “அப்ப எதை வெட்டறது?”
மேங்கோவுக்கு நான் எழுதியிருந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் காட்டினேன். அழகான வாக்கியம். சிவப்புப் பேனாவை அவரிடமே கொடுத்தேன்.