ஆறடி முகப்பின் இடது கம்பம்

அனுப்புநர்
வாய்க்கால் முகப்புக் காவலர் (ஓய்வு),
மூன்றாம் எண் வீடு,
பாலத்தடித் தெரு.

பெறுநர்
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
நீர்வழிப் பிரிவு அலுவலகம்.

பொருள்: குறுகிய வாய்க்காலில் அகலப் படகுகள் நுழைவதைத் தடுக்க முகப்பின் இடது கம்பத்தைத் திரும்ப நடவும், விபத்து அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் முந்தைய மனுக்கள் இரண்டு.
2. தங்கள் அலுவலக விபத்து விசாரணை அறிக்கை, பக்கம் 4, கடைசி வரி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த வாய்க்காலின் முகப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் காவலராக இருந்து, சென்ற ஜூன் மாதம் ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு படிக்கப்படும், எது கட்டோடு கட்டாக அலமாரிக்குப் போகும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஆகவே நீட்டி முழக்காமல் எழுத முயல்கிறேன். எங்காவது நீண்டுவிட்டால் பொறுத்தருளவும்.

2. இது மூன்றாவது மனு. முதல் மனு, "முகப்புக் காவலரின் விளக்கம் பெற்று அனுப்புக" என்ற குறிப்புடன் முகப்புக் காவல் அறைக்கே அனுப்பப்பட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. பூட்டிய கதவின் இடுக்கில் தபால்காரர் செருகிவிட்டுப் போன உறையை, அந்தப் பக்கமாக நடந்துபோன நானே எடுத்தேன். என் புகாருக்கு நானே விளக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று வேகமாக நடந்து, பாதி வழியில்தான் வீட்டில் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

3. வாய்க்கால் பற்றித் தாங்கள் அறிந்ததே என்றாலும், கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கல்பாலத்தின் அடியில் வாய்க்காலின் அகலம் பன்னிரண்டு அடி. அங்கேயே அது வளைகிறது. இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் முகப்பில் இரண்டு இரும்புக் கம்பங்கள் ஆறடி இடைவெளியில் நடப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நுழையாத படகு வாய்க்காலுக்குள் வரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். பாலத்தடியில் இரண்டு படகுகள் எதிரெதிரே சிக்கிக்கொண்டாலும் ஒன்றையொன்று உரசாமல் போக வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்து அந்தக் கம்பங்களை நட்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

4. வளைவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பாலத்துக்குள் நுழையும் படகோட்டி, தன் கழியின் அடியில் இருக்கும் இரும்புப் பூணால் பாலத்தின் கல்லை மூன்று முறை தட்டுவார். உள்ளே படகு இருந்தால் அதிலிருந்து ஒரு தட்டு பதிலாக வரும். வெளியே இருப்பவர் காத்திருப்பார். பதில் வராவிட்டால் வழி காலி என்று அர்த்தம். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் கழி பிடித்த எல்லோருக்கும் இது தெரியும்.

5. மூன்று ஆண்டுகளுக்கு முன், சுற்றுலா ஓட்டத்துக்கு வந்த முதல் அகலப் படகு இடித்ததில் இடது கம்பம் சாய்ந்தது. பழுதுபார்ப்பதற்காகக் கம்பம் அகற்றப்பட்டது. இன்றுவரை திரும்ப நடப்படவில்லை.

6. அதன் பிறகு ஒன்று இரண்டாகி, இப்போது ஒன்பது அகலப் படகுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் பதினோரு அடி அகலம். மேல்தளம், சாப்பாட்டு மேசை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அவை கிளப்பும் அலையில் கரைக் கற்கள் பெயர்ந்து விழுகின்றன. பாலத்தை ஒட்டியிருக்கும் தையற்காரரின் பின்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அவர் தையல் இயந்திரத்தைப் பலகை மேல் ஏற்றிவைத்து, காலைத் தொங்கப் போட்டுத் தைக்கிறார். சென்ற மாதம் இரண்டு அகலப் படகுகள் எதிரெதிரே வந்து, நீ போ நான் போ என்று இரண்டு மணி நேரம் நின்றன. பின்னால் பள்ளிக்கூடப் படகு நின்றது. அன்றைக்குத் தேர்வு.

7. இதே வாய்க்காலில் சலவைப் படகு ஓட்டிவந்தவர் என் மனைவி. இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, நாலரை அடி அகலப் படகில் கொண்டுபோய்க் கொடுத்தவர். தினமும் காலை ஆறேகால் மணிக்குப் பாலத்தைக் கடப்பார். ஒரு நாளும் முன்பின் ஆனதில்லை. கரையில் கடை வைத்திருப்பவர்கள் அவரை "ஆறேகால்" என்றே கூப்பிடுவார்கள். பால்காரர் அவரைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைத் திருத்துவார். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்க்கும் மனுஷி. கதவைப் பூட்டினோமா என்று கேட்டு, தூங்கிய என்னை எழுப்பித் திட்டு வாங்கியவர். இத்தனை ஆண்டில் மருத்துவமனையில் ஒரு தலையணை உறைகூடத் தொலைந்ததில்லை. இந்தப் பத்தியை எழுதியதற்குக் காரணம் ஒன்பதாம் பத்தியில் விளங்கும்.

8. சென்ற நவம்பர் 9ஆம் தேதி காலை அவர் பாலத்தின் கல்லை மூன்று முறை தட்டினார். பதில் வரவில்லை. வழி காலி என்று உள்ளே போனார். வளைவில் அகலப் படகு ஒன்று விருந்தினரை ஏற்ற முகப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு அடிக்குள் பதினோரு அடி போக மிச்சம் எவ்வளவு என்று தாங்களே அறிவீர்கள். பாலத்துச் சுவருக்கும் அந்தப் படகுக்கும் நடுவில் அவர் அகப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. அங்கே அவர்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் மூலையில் சிவப்பு நூலால் சிறிய பெருக்கல் குறி தைத்திருந்தது. அவர் வெளுக்கும் ஒவ்வொரு விரிப்பிலும் அவரே தைக்கும் குறி அது. நான் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதில் மருத்துவமனை மீது புகார் எதுவும் இல்லை.

9. தங்கள் அறிக்கையின் கடைசி வரி இவ்வாறு கூறுகிறது: "இறந்தவர் எச்சரிக்கை ஒலி எழுப்பாமல் பாலத்துக்குள் நுழைந்ததே விபத்துக்குக் காரணம், இது அன்னாரின் கவனக்குறைவு." ஒலி கேட்டதாகச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை என்பது அதற்கு ஆதாரம். அந்த நேரத்தில் பாலத்தருகே இருந்தவர் தையற்காரர் ஒருவர்தான். அவருக்குக் காது மந்தம். காலமெல்லாம் கவனமாக இருந்து என் பிராணனை வாங்கிய ஒருத்தியைக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள், ஐயா. அவர் போனதைக்கூட விழுங்கிவிடப் பார்க்கிறேன். இந்தச் சொல் தொண்டைக்குக் கீழே இறங்க மறுக்கிறது.

10. முந்தைய மனுக்களில் இல்லாத ஒரு செய்தியை இப்போது சமர்ப்பிக்கிறேன். அந்த அகலப் படகை ஓட்டியவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். முன்பு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். விபத்து நடந்தபோது படகு வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. மூணு தடவ. எஞ்சின்ல போல்ட்டு ஏதோ லூசாயிடுச்சுன்னு நெனச்சு, குனிஞ்சு பாத்தேன். நிமிர்றதுக்குள்ள…" அது எச்சரிக்கை என்று தெரியாததால் விசாரணையில் இதைச் சொல்லவில்லையாம். என் மனைவி கொடுத்த எச்சரிக்கையே அவரைக் குனிய வைத்திருக்கிறது. அவரைத் திட்டுவதற்காக மூன்று மாதமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. தட்டினால் பதிலுக்குத் தட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

11. ஐந்தாம் பத்தியில் கம்பம் அகற்றப்பட்டது என்று எழுதினேன்; அகற்றியவர் யார் என்று எழுதவில்லை. முந்தைய இரண்டு மனுக்களிலும் அப்படியே மழுப்பினேன். அகற்றியவன் நான். அப்போதைய கண்காணிப்பாளர் கரையில் நின்றபடி, "ரெண்டே நாள்தாம்பா, கழட்டி வை. விருந்தாளிங்க வெயில்ல நிக்கிறாங்க" என்றார். எழுத்தில் உத்தரவு இல்லை. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. அவர் சொன்னது இரண்டு நாள். அதை மூன்று ஆண்டு ஆக்கியது நான்.

12. ஏன் நடவில்லை என்று விசாரணையில் கேட்பார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் யாரும் கேட்கவில்லை. அப்புறம் அகலப் படகுக்காரர்கள் என்னை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோடையில் காவல் அறைக்கு ஒரு மேசை விசிறி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும்போது என் மனைவி அந்த விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவாள். வேர்த்துக் கொட்டினாலும் முந்தானையால் விசிறிக்கொள்வாள். "கம்பத்த எப்பங்க நடப் போறீங்க?" என்று கேட்பாள். நாளைக்கு என்பேன். ஓய்வு பெறும் வாரத்தில், "போறதுக்கு முன்னாடி அத மட்டும் நட்டுட்டு வந்துடுங்க" என்றாள். சரி என்றேன். பிரிவு உபசாரத்தில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. (அவர் என்றே எழுத வேண்டும். இந்தப் பத்தியில் கை வரவில்லை.)

13. இப்போது சலவைப் படகை ஓட்டுவது என் மனைவியின் தங்கை. மருத்துவமனைக்கு விரிப்பு போகாமல் இருக்க முடியாது; அவர் குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு இல்லை. முதல் நாள் படகை அவிழ்க்கும்போது அவர் கேட்டார்: "பதில் வரலன்னா வழி காலின்னுதான் அக்கா சொல்லிக் குடுத்துச்சு. இனிமே பதில் வரலன்னா என்னன்னு எடுத்துக்கிறது அத்தான்?" அன்றிலிருந்து நாள்தோறும் காலையில் பாலத்தின் மேல் நிற்கிறேன். அவர் தட்டும் சத்தம் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்து, வழி காலியாக இருந்தால் என் கைத்தடியால் இரண்டு முறை தட்டுகிறேன். நான் தட்டாமல் அவர் உள்ளே நுழைவதில்லை.

14. வரும் மார்ச் 21ஆம் தேதி எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இனி தள்ளினால் காலே போய்விடும் என்கிறார் மருத்துவர். ஆறு வாரம் பாலத்தில் ஏற முடியாது. தையற்காரர் தான் நிற்பதாகப் பெரிய மனதோடு சொன்னார். அவருடைய காதைப் பற்றி ஒன்பதாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்துக் கையசைக்கலாம் என்றாலும், விடியற்காலைப் பனியில் படகிலிருந்து பார்த்தால் பாலமே தெரியாது.

ஆகவே, கீழ்க்காணும் மூன்றையும் தாங்கள் செய்து தர வேண்டும்:

அ) 21ஆம் தேதிக்கு முன் இடது கம்பத்தை அதன் பழைய இடத்தில் நட வேண்டும். கம்பம் காவல் அறையின் பின்பக்கம், சாக்குக்கு அடியில் கிடக்கிறது. சாய்ந்த இடத்தை அன்றே நிமிர்த்தியாகிவிட்டது. துரு சுரண்டி எண்ணெய் பூசியிருக்கிறேன். அடித்தளத்தில் நான்கு துளைகளும் அப்படியே இருக்கின்றன. சேற்றைத் தோண்டிச் சுத்தம் செய்துவிட்டேன். தேவைப்படுவது நான்கு போல்ட்டும் தங்கள் கையெழுத்தும்தான். எழுத்தில் உத்தரவு வந்தால் ஸ்பேனரை நானே கொண்டுவருவேன்.

ஆ) கம்பம் நடும் முன் ஒன்பது அகலப் படகுகளையும் ஆற்றுக்கு அனுப்ப வேண்டும்; அதுவரை அவற்றை ஓட்டுபவர்களுக்குப் பதில் தட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்று கேட்டால் ஒன்று தட்ட வேண்டும். கற்க ஒரு நிமிடம் போதும்.

இ) அறிக்கையின் நான்காம் பக்கத்தில், எச்சரிக்கை ஒலி எழுப்பவில்லை என்பதை வாக்குமூலத்தின்படி திருத்த வேண்டும். கவனக்குறைவு என்ற சொல்லை என் மனைவியின் மேலிருந்து எடுக்க வேண்டும். ஒப்பமிட்ட அறிக்கையில் ஒரு சொல்லை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட அலுவலகம் சம்மதிக்காது என்பதை அறிவேன். எனவே அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். அன்னாரின் என்பதை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் முகப்புக் காவலரின் என்று எழுதிக்கொள்ளவும். இதனால் எனக்கு என்ன வரும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன். ஆனால் 20ஆம் தேதிவரை காலை ஆறு மணி முதல் ஆறரைவரை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பாலத்தில் வேலை இருக்கிறது.

இடம்: பாலத்தடித் தெரு
நாள்: மார்ச் 4

இப்படிக்கு,
(ஒப்பம்)
முகப்புக் காவலர் (ஓய்வு),
ஆறேகாலின் கணவர்.

இணைப்பு:
1. அகலப் படகோட்டியின் கையெழுத்து வாக்குமூலம் – ஒரு தாள்.
2. கம்பம் அகற்றப்பட்ட நாளின் முகப்பு நாட்குறிப்பு நகல், என் கையெழுத்துடன் – ஒரு தாள்.