அக்கா கேட்ட கேள்வி

வெள்ளி, இரவு

சட்டக் கல்லூரி முதல் வருட ரிசல்ட் வந்துவிட்டது. எல்லா பேப்பரும் பாஸ். குடும்பச் சட்டத்தில்தான் அதிக மார்க். அப்பா தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். செய்யூரிலிருந்து அக்காவும் மகளோடு வந்திருந்தாள்.

பாத்திரம் கழுவும்போது மெதுவாகக் கேட்டாள். "நான் அந்த வூட்ட வுட்டு வந்துட்டா பாப்பா எங்கிட்ட இருக்குமாடி? உன் புக்குல இன்னா போட்டுகீது?"

பரீட்சையில் வந்த கேள்விதான். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவளிடம் ஒரு வரிதான் சொன்னேன். "அஞ்சு வயசு வரைக்கும் பெரும்பாலும் அம்மாகிட்டதான்க்கா."

"இவளுக்கு ஆறு முடிஞ்சி போச்சே."

"அதுக்கு மேலயும் கொயந்தைக்கு எது நல்லதுன்னுதான் கோர்ட்டு பாக்கும்."

"எத்தினி நாளு ஆவும்?"

தெரியாது என்றேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

கடைசி பஸ்ஸுக்கு அப்பா கிளம்பச் சொன்னார். "நாளைக்குப் போறேன்பா" என்று பாப்பாவோடு என் பாயிலேயே படுத்துவிட்டாள். மாமாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் குடும்பச் சட்டம் எடுக்கும் எங்கள் மேடத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அக்கா சொல்ல மாட்டாள். நான்தான்.