முதல் பிழை என்னுடையதாக இருக்கட்டும்

குருநகர்
9 பங்குனி 2025

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம், மெல்பேர்னில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் உளைவு குறைந்துவிட்டது, ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டார், ஒப்புக்கொண்டால் நண்டுப் பெட்டிக்கு ஐஸ் போட வரச் சொல்லுவேன் என்ற பயம். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் ஏசுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் பெண்களுக்கென்று நீ நடத்துகிற இணையவழி ஆங்கில வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து மூன்றே வாரத்தில் ஒன்பது பேராய்ப் போனதும், அடுத்த தொகுதியும் இப்படிக் கலைந்தால் வகுப்பையே மூடுவோம் என்று உன் நிறுவனம் சொன்னதும் அறிந்தேன். எங்கடை சனத்துக்குப் படிக்க ஆசையில்லை, நானும் விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அது பிழை பிள்ளை. நான் விசாரித்துவிட்டேன்.

என் நண்டு வாடிக் கொட்டகையில் சதை எடுக்கிற மேர்சியும் அந்த நாற்பதில் ஒருத்தி. உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அவளிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதல் நாள் முழுக்க விதிமுறை வாசித்தாயாம், எதற்கு எத்தனை புள்ளி, எந்தப் பொத்தானை அமத்துவது என்று. “பந்தியிலை இருத்திப்போட்டுச் சோறு போடாமல் சமையல்காரன்ரை சரித்திரம் சொன்ன மாதிரி அக்கா” என்றாள். இரண்டாம் கிழமை நீ கேள்வி கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை, முகம் தெரியாமல் கமராப் படத்தையும் அணைத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? பாதிப்பேர் குருநகரும் கொழும்புத்துறையும், ஒரே கோயிலில் முழங்காலில் நிற்கிறவர்கள். “பிழையாச் சொன்னா ஞாயிறு பூசை முடியமுதல் பகிடி பண்ணத் தொடங்கீடுவினம்” என்கிறாள். ஆசையில்லாமல் இல்லை மகள், வெட்கம்.

புது வள்ளக்காரர் முதல் நாள் கடலிலிருந்து நண்டு கொண்டுவந்தால் நான் விதி சொல்வதில்லை. பெட்டியைக் கவிழ்த்து நீங்களே தரம் பிரியுங்கோ என்று விடுவேன். பிழையாய்ப் பிரிப்பார்கள், பக்கத்தில் நின்று திருத்துவேன், மறுநாள் சரியாய்ப் பிரித்துக் காட்டவென்றே வருவார்கள். வராதவரிடம் அன்று மத்தியானத்துக்கு முன்னம் ஆள் போகும். நீ மூன்றாம் கிழமை மின்னஞ்சல் அனுப்பினாயாம், அதற்குள் ஆள் வேறு வாடிக்குப் பழகிவிடும். மேர்சி மின்னஞ்சல் பார்க்கிறவளா? பெயர் சொல்லி வாட்ஸ்அப்பில் இரண்டு சொல் பேசி அனுப்பு, வராத அன்றைக்கே. விதிமுறையைப் பிறகு வாசி, முதல் பத்து நிமிடத்துக்குள் எல்லாருடைய வாயும் திறக்கவேண்டும். நாலு நாலு பேராய்ப் பிரி, ஆனால் ஒரே ஊரவரை ஒன்றாய்ப் போடாதே, குருநகரைக் கரவெட்டியோடும் கொடிகாமத்தோடும் கலந்து விடு.

அடுத்த தொகுதிக்கு மேர்சி திரும்பவும் பதிந்துவிட்டாள், நான் ஏசின ஏச்சில். நானும் பதிந்துவிட்டேன். “உன்ரை இங்கிலீசைக் கேட்டா வெள்ளைக்காரன் இன்னொருக்காக் கப்பலேறுவான்” என்கிறார் அப்பா. ஏறட்டும். நண்டு வாங்குகிற கொம்பனிக்காரரோடு யெஸ், நோ இரண்டையும் வைத்தே இருபது வருடம் வியாபாரம் செய்தவள் நான், இந்தக் கரையில் என் முகத்துக்கு நேரே சிரித்தவர் இல்லை, இனிச் சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் பதிந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு. மாதா உன்னையும் மருமகனையும் காப்பாள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு. மறக்காதே, முதல் நாள் நான் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். அம்மா என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லி முதல் கேள்வியை என்னிடம் கேள். எப்படியும் பிழையாய்த்தான் சொல்லுவேன். எல்லாரும் சிரிக்கட்டும், சிரித்த வாய் மூடுமுன் அடுத்தவளைக் கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
சிமியோன் பெர்னடெட்