பூஜையறைக் கதவில் எருமைக் கொம்பு

மச்சான்,

நேற்று என் தங்கை மகன் கழுத்தில் கருங்காலி மாலையோடு வந்து நின்றான். போட்டால் அதிர்ஷ்டம் கொட்டுமாம். ஒரு மணியை நகத்தால் சுரண்டினேன். விரலெல்லாம் கறுப்புச் சாயம். அகில உலகக் கறுப்பு மர நீதிபதியான நான் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். செத்துப்போன உன் முகம் குறுக்கே வந்தது. மூடிக்கொண்டேன்.

எண்பதுகளில் கள்ளிக்குப்பத்தில் நம் பட்டறை. தகரக் கொட்டகைதான், நாம் அதை அரண்மனை என்போம். ஆவடி குவார்ட்டர்ஸை விட்டுத் திருநின்றவூரில் வீடு கட்டிய ஒரு குடும்பம் பூஜையறைக் கதவு கேட்டது. தேக்கில் பள்ளம் வெட்டி, கன்னங்கரேலென்று ஒரு கொடியைப் பதிக்க வேண்டும். அந்தக் கறுப்புக்கு நாம் பட்ட பாட்டில் ஒரு ராஜ்ஜியத்தையே பிடித்திருக்கலாம். ஈட்டி மரம் பாலிஷ் ஏறியதும் பழுப்பாகித் தேக்கோடு கலந்துவிட்டது. சாயம் போட்ட பலா பக்கத்து மரத்தில் கசிந்தது. மிஞ்சியது கருங்காலி. அது எங்கும் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் அறுத்தால் ரம்பத்துக்கே பொக்கை வாயாகிவிடும்.

"எருமக் கொம்பு போட்லாம் மாமே. சூடு காட்னா வளையும், தேச்சா கண்ணாடி" என்றாய்.

"சாமி ரூமுக்குக் கொம்பாடா?"

"சாமி இன்னா மோந்தா பாக்கப் போவுது?"

சண்டை போட்டேன். பிறகு கருங்காலியே கிடைத்துவிட்டதென்று சொல்லி, கதவை உன் வீட்டுக்குத் தூக்கிப் போய், பதித்து மெருகேற்றிக் கொண்டுவந்தாய். மரமா கொம்பா என்று எமனுக்கும் தெரியாத மெருகு. நம்பினேன்.

கதவு மாட்டிய அன்று அந்த வீட்டம்மா, மணிகளைக் கொடியிலேயே காய் காய்த்தாற்போலத் தொங்கவிடச் சொன்னார். நான் துளை போட்டேன். கொடிக்குள் இறங்கியதும் முடி கருகும் நாற்றம்.

"கன்னுக்குட்டிக்குக் கொம்பு சுடுறப்ப இந்த வாடைதானே வரும்? கொம்பா வச்சிருக்கீங்க?" என்றார் அந்தம்மா.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைக் காட்டினாய்.

"இவுருதாம்மா போட்லாம்னாரு. நான் அப்பவே வாணான்னேன்."

பூஜையறை வாசலில் உன்னோடு மல்லுக்கு நிற்க மனம் வரவில்லை. ரயில் ஏறியதும் காலில் விழுவாய் என்று நினைத்தேன். நீ வேர்க்கடலை வாங்கித் தின்றாய்.

"உடு மாமே. ரெண்டு பேரும் கெட்டா பட்டற இன்னாவறது?"

கெட்டது நான் மட்டும். 'கொம்பு மேஸ்திரி' என்ற பட்டம் எனக்கு முன்பே, பட்டறைக்குப் பக்கத்து ஊரான மேனாம்பேடு வரை போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பூஜையறைக் கதவு என்று எவரும் என்னைத் தேடி வரவில்லை. தொண்ணூறுகளில் நீ தனிப் பட்டறை வைத்தாய்; அந்தக் கதவுகளெல்லாம் உனக்கு. எனக்கு முக்காலியும் கோழிக்கூண்டும்.

உன் சாவுக்கு வந்தேன். உன் மகன் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாரு மாமா. சாமி ரூமுக்குப் போயி ஏன் மாமா கொம்பு போட்டீங்க?"

பெற்ற பிள்ளையிடமும் நீ உண்மையைச் சொல்லவில்லை. ஐஸ் பெட்டிக்குள் மகா சக்கரவர்த்தியாகப் படுத்திருந்தாய்.

"பளபளப்புக்கு ஆசப்பட்டுட்டேன், நைனா" என்றேன்.

உனக்காகச் சொல்லவில்லை. அன்று அவனுக்கு ஒரு நல்ல அப்பா தேவைப்பட்டார். உன் பழி இப்போது என் வாயாலேயே என்னுடையதாகிவிட்டது. கனக்கிறது, மச்சான். உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.